அந்தத் திருடன் பேர் என்ன மாமா?

தங்கச்சி மகன் சிகாகோவில் வேலை பார்க்கிறான். போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடியோவில் கூப்பிட்டான். அவனுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது.

"மாமா, நேத்து ஒரு டூர் போனேன். பகல்ல பழைய கட்டடமா காட்டுறாங்க. இருட்டுனதும் கொலை நடந்த இடமா கூட்டிட்டுப் போறாங்க. ரெண்டுக்கும் ஒரே கூட்டம்!"

1893-இல் அங்கே நடந்த உலகக் கண்காட்சியைப் பற்றிச் சொன்னான். ஏரிக்கரையில் 'வெள்ளை நகரம்' என்று ஒரு மாளிகைக் கூட்டத்தையே எழுப்பினார்கள். பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் பெரும்பாலும் சுதையும் சணல் நாரும்தான். அடுத்த வருஷமே தீயில் போய்விட்டது. அதே ஊரில் அதே காலத்தில் ஹோம்ஸ் என்று ஒரு டாக்டர், தனக்கென்று ஒரு கட்டடம் கட்டி, நம்பி வந்தவர்களைக் கொன்றான். 1896 மே 7-ஆம் தேதி பிலடெல்பியாவில் அவனைத் தூக்கில் போட்டார்கள். அவன் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது ஒரு தபால் நிலையம் இருக்கிறதாம்.

எனக்கு 1893 சிகாகோ என்றால் விவேகானந்தர்தான். அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வசமய மாநாட்டில்தான் அவர் பேசினார். அவரை அங்கே போகச் சொல்லித் தூண்டியவர்களில் ஒருவரான ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி அவரைச் சந்தித்தது நம்ம மதுரையில். இதை நான் சொன்னதும் பையன் கேட்டான்: "அப்ப நம்ம பக்கம் இந்த மாதிரி எதுவும் இல்லையா மாமா? பெரிய கட்டடம், அதுக்குள்ள ஒரு குற்றம்?"

"பொங்கலுக்கு வா மாப்ள. ஒரு நாள் முழுக்கக் காட்டுறேன்" என்றேன்.

வந்தான். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் மேலூரிலிருந்து வண்டியை எடுத்தோம். அன்றைக்கு நாங்கள் பார்த்ததும் பேசியதும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

மஹால்

முதலில் திருமலை நாயக்கர் மஹால். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் 1636-இல் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான். ஆனால் அந்தத் தூண்களின் கீழே போய் நின்றால் மனுஷன் எறும்பாகிவிடுவான். ரெண்டு பேர் கைகோத்தாலும் ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க முடியாது. மொத்தம் 248 தூண்கள். சொர்க்க விலாசத்தின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தபடி பையன் ரொம்ப நேரம் நின்றான். அங்கே வெள்ளை நகரம் ரெண்டு வருஷம்கூட நிற்கவில்லை. இங்கே இது கிட்டத்தட்ட 400 வருஷமாக நிற்கிறது.

நிற்பதும் முழுசு கிடையாது. அந்தக் காலத்து அரண்மனையில் கால்பங்குதான் மிச்சம் என்கிறார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, தாத்தா கட்டியதைப் பிரித்து வேலைப்பாடுகளைக் கொண்டுபோனார். வெள்ளைக்காரன் காலத்தில் இடிந்து கிடந்ததை, கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு 1866-க்கும் 1872-க்கும் இடையில் பழுதுபார்க்க வைத்தார். பிறகு மாவட்ட நீதிமன்றம் இதற்குள் வந்தது. சுதந்திரத்துக்குப் பின்னும் பல வருஷம் இங்கேதான் கோர்ட். எங்கள் ஐயா ஒரு வரப்புத் தகராறு வழக்குக்காக இந்தத் தூண்களுக்கு நடுவில் வாய்தா வாய்தாவாக அலைந்திருக்கிறார். அவருக்கு இது மஹால் இல்லை, 'பெரிய கோர்ட்டு'.

இந்த மஹாலுக்கு ஒரு திருட்டுக் கதை உண்டு. 1906-இல் வந்த மதுரை மாவட்ட கெசட்டியர்வரை ஏறிய கதை. ராஜாவின் படுக்கையறையில் கட்டில் சங்கிலியில் தொங்கும். ஒரு திருடன் ராத்திரியில் கூரை மேல் ஏறி, ஓட்டை போட்டு, அந்தச் சங்கிலியைப் பிடித்தே இறங்கினான். ராஜா தூங்கிக்கொண்டிருக்க, நகைகளை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். விடிந்ததும் ஊரே நடுங்கியது. ராஜா தண்டோரா போடச் சொன்னார்: நகையைக் கொண்டுவந்து கொடுத்தால் பரம்பரைக்கும் நிலம் தருகிறேன். திருடன் அந்த வார்த்தையை நம்பி நகையோடு வந்து நின்றான். சொன்னபடியே நிலம் கொடுத்தார் ராஜா. கொடுத்த கையோடு அவன் தலையை வாங்கினார்.

"அந்தத் திருடன் பேர் என்ன மாமா?" என்றான் பையன்.

எனக்குப் பதில் தெரியவில்லை. சின்ன வயசிலிருந்து நானும் இந்தக் கதையைப் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். பேரைக் கேட்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ராஜா பேர் தெரியும். கட்டில் எப்படித் தொங்கியது என்பதுகூடத் தெரியும். ராஜாவின் சொல்லை நம்பி வந்து நின்றவனுக்கு மட்டும் பேர் கிடையாது. கெசட்டியரிலும் அவன் வெறும் 'ஒரு கள்ளன்'தான்.

நடந்ததோ, கட்டிச் சொன்னதோ, கதை என்றே வைத்துக்கொள்வோம். கதைக்குள் ரெண்டு குற்றம் இருக்கிறது. ஒன்று திருட்டு. இன்னொன்று, வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவனைக் கொன்றது. ரெண்டாவதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை, ராஜாவின் சாமர்த்தியம் என்றுதான் சொல்கிறார்கள். அரண்மனை யாருடையதோ, கதையும் அவருடையது. அன்று முழுக்க என்னோடு வந்தது பையன் கேட்ட அந்தக் கேள்விதான்.

திருமோகூர்

திரும்பும் வழியில் ஒத்தக்கடையில் வண்டியைத் திருப்பினோம். யானைமலை படுத்த யானையாகக் கூடவே வந்தது. அதன் காலடியில் இருக்கும் நரசிங்கம் குடைவரைக் கோயிலுக்கு கி.பி. 770 என்று கல்வெட்டே ஆண்டு சொல்கிறது. அதைத் தாண்டினால் திருமோகூர். காளமேகப் பெருமாள் கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பதினாறு கையோடு சக்கரத்தாழ்வார், முதுகுப் பக்கம் நரசிம்மர். மண்டபத்தில் மருது சகோதரர்களின் சிலைகள். அப்பத்தா இருந்தவரை புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் இங்கே கூட்டிவருவாள்.

1755-இல் இங்கே நடந்தது கதை இல்லை, ஆவணத்தில் இருக்கிற வரலாறு.

அந்த வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனி கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் என்பவரை ஒரு படையோடு தெற்கே அனுப்பியது. ஆற்காட்டு நவாப் முகமது அலிக்காக வரி வசூலிப்பதுதான் வேலை. கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ்கான். சிப்பாய்களுக்குத் தலைவன் யூசுப்கான், நாம் மருதநாயகம் என்று சொல்பவன். மதுரை சண்டையில்லாமல் விழுந்தது. மதுரையை வைத்திருந்த மியானா தப்பி, கோயில்குடி என்ற இடத்துக் கோயிலுக்குள் புகுந்துகொண்டான். கம்பெனிப் பதிவு சொல்லும் அந்தக் கோயில் திருமோகூர்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள்.

ஹெரானின் படை துரத்திவந்தது. வைக்கோல் கட்டுகளைக் கொண்டுவந்து கோயில் கதவில் சாத்தித் தீ வைத்தார்கள். தீப்பந்தத்தோடு முன்னால் போனது கர்னலேதான் என்று கம்பெனியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். கதவு எரிந்து விழுந்ததும் உள்ளே இருந்தவர்களை வெட்டினார்கள். மியானா அதற்கு முன்பே தப்பியிருந்தான். தேடிவந்த ஆள் இல்லை. கோயிலில் இருந்ததைச் சுருட்டினார்கள், உற்சவ விக்கிரகங்கள் உட்பட.

அதோடு நிற்கவில்லை. சாமியைத் திருப்பிக் கொடுக்க 5,000 ரூபாய் கேட்டார் ஹெரான். யாரும் கொடுக்கவில்லை. விக்கிரகங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு படை தெற்கே திருநெல்வேலிச் சீமைக்குப் போனது. நெற்கட்டும்செவலில் புலித்தேவரிடம் பணம் பெயரவில்லை. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை வருஷம் 15 லட்சத்துக்கு மாபூஸ்கானிடம் குத்தகைக்கு விட்டார் ஹெரான். பிறகு திருச்சிக்குத் திரும்பும் உத்தரவு வர, மே மாதக் கடைசியில் நத்தம் வழியாகக் கிளம்பினார்.

கோயில் வாசலில் உட்கார்ந்து நான் இதைச் சொல்லும்போது, பையன் கைபேசியில் வரைபடத்தை விரித்தான். இப்போது மதுரையிலிருந்து நத்தம் போகும் ரோட்டில் ஏழு கிலோமீட்டருக்கும் மேல் பறக்கும் பாலம் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அது ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய காட்டுத்தடம். ரெண்டு பக்கமும் அடர்ந்த மரம். நடுவில் ஒரு வண்டி சேற்றில் புதைந்தது. முன்னால் போன படை கவனிக்காமல் போய்க்கொண்டே இருக்க, பின்னால் வந்தது நின்றது. அந்த இடைவெளிக்குத்தான் மேலூர்ச் சீமைக் கள்ளர்கள் காத்திருந்தார்கள். காட்டுக்குள்ளிருந்து நீள ஈட்டிகளோடு இறங்கினார்கள். அவர்கள் எழுப்பிய சத்தம் துப்பாக்கி பிடித்தவர்களுக்கும் கேட்டது. ஓர்ம் அதை எழுதிவைத்தார். எழுப்பிய சத்தம் ஒரே வார்த்தை.

"சாமி! சாமி!"

எங்கே எங்கள் சாமி என்று கேட்டுக்கொண்டே வண்டிகளைப் புரட்டினார்கள். கிடைத்தது. தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஹெரானைச் சென்னையில் இராணுவ நீதிமன்றம் விசாரித்து வேலையிலிருந்து நீக்கியது. அப்பத்தாவுக்கு ஹெரானும் தெரியாது, ஓர்மும் தெரியாது. "வெள்ளைக்காரன் சாமியத் தூக்கிட்டுப் போனான். நம்ம ஆளுக போயி மீட்டுட்டு வந்தாக" என்பாள். 250 வருஷத்தை அவள் ரெண்டு வரியில் வைத்திருந்தாள்.

"சாமிய மீட்டவங்க பேரு இருக்கா மாமா?"

இல்லை. படை நடத்திய வெள்ளை அதிகாரிகள் பேர் வரிசையாக இருக்கிறது. மீட்டவர்கள் பேர் ஒன்றுகூட எழுத்தில் இல்லை. அங்கேயும் 'கள்ளர்கள்' என்ற ஒரு சொல்தான். சாமியைத் தூக்கியவன் கர்னல், திருப்பிக் கொண்டுவந்தவன் கள்ளன்.

வெள்ளலூர்

மத்தியானம் மேலூரில் சாப்பிட்டுவிட்டு வெள்ளலூர்ப் பக்கம் போனோம். பார்க்க அங்கே பெரிய கட்டடம் எதுவும் கிடையாது. கண்மாய், வயல், பனை, ஏழைகாத்தம்மன் கோயில்.

நத்தத்துக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள், வரி கொடுக்காத கள்ளர் நாட்டை அடக்கக் கேப்டன் ரம்லி என்பவன் சிப்பாய்ப் படையும் குதிரைப் படையுமாக வந்தான். நாட்டார்களைக் கூப்பிட்டனுப்பினான். அவர்கள் வரவில்லை. ஊரைச் சுற்றி வளைத்துத் தீ வைத்தான். தீக்குத் தப்பி வெளியே ஓடிவந்தவர்களை வெட்டச் சொன்னான். செத்தவர்கள் சுமார் 3,000 பேர் என்று வெள்ளைக்காரர்களின் எழுத்திலேயே இருக்கிறது. அந்தப் பயத்தில் அவனுக்கு 'ரம்லி சாமி' என்றே பேர் வந்ததாம். 3,000 பேரைக் கொன்றவனுக்குச் சாமி என்று பேர். செத்த 3,000 பேருக்கும் சேர்த்து ஒரு கல்லில்கூடப் பேர் கிடையாது.

பிற்பாடு 1871-இல் குற்றப்பரம்பரைச் சட்டம் என்றே ஒரு சட்டம் போட்டு, பின்னாளில் கள்ளர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அதில் பிறந்த குழந்தையும் சந்தேகத்துக்குரிய ஆள்தான். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணோடு சேர்த்து 16 பேர் இறந்தார்கள். அந்தப் பேர்களை ஊர் பாதுகாத்து வைத்திருக்கிறது. அதனால்தான் மாயக்காள் பேரை நான் இங்கே எழுத முடிகிறது.

கீழவளவு

அங்கிருந்து திருப்பத்தூர் ரோட்டைப் பிடித்துக் கீழவளவு. சமண முனிவர்கள் மழைக்காலத்தில் தங்கிய பாறை. ஆளுக்கு ஒரு படுக்கை அளவுக்கு வழுவழுவென்று செதுக்கியிருப்பார்கள். மேலே தமிழிக் கல்வெட்டு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், தங்குவதற்கு இடம் செய்து கொடுத்தவன் தன் பேரை அதில் வெட்டச் செய்திருக்கிறான். அன்றைக்கு நாங்கள் பார்த்த முதல் சாதாரண மனுஷனின் பேர் அதுதான்.

அந்தப் பாறைமேல் நின்று சுற்றிப் பார்த்தால் வயிறு கலங்கும். மலை இருந்த இடங்களில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்கள். சுற்றிலும் அறுத்துப் போட்ட கிரானைட் துண்டுகள். மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012-இல் அரசுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கிரானைட் குவாரி முறைகேட்டால் அரசுக்கு இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்குச் சொன்னார். 2014-இல் உயர்நீதிமன்றமே அவரை விசாரணை அதிகாரியாக நியமித்தது. பளபளப்பாக மெருகேற்றிய கல் கப்பலேறி எந்தெந்த நாட்டு மாளிகைக்கோ தரையாகிவிட்டது. "எங்க ஆபீஸ் லாபிலகூட இந்த மாதிரிக் கல்லுதான் மாமா" என்று சொல்லிவிட்டுப் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மேலவளவு

வெயில் சாயும் நேரத்தில் மேலவளவு போனோம். இங்கே கூட்டிப்போவதா வேண்டாமா என்று காலையிலிருந்தே எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. அதை உண்மையாகவே சொல்லிவிடுகிறேன்.

நத்தம் கணவாயை நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிற எங்கள் ஊர் வாய், மேலவளவு என்றால் மூடிக்கொள்ளும். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். வெளியூரில் யாராவது "மேலூரா? மேலவளவு பக்கமா?" என்று கேட்டால் பேச்சை மாற்றியிருக்கிறேன்.

1996-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியினர் தேர்தலையே நடத்தவிடாமல் தடுத்தார்கள். மிரட்டல், குடிசைக்குத் தீ, வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் நடந்தது. அதற்குப் பிறகும் முருகேசன் நின்றார், ஜெயித்தார், தலைவரானார். 1997 ஜூன் 30-ஆம் தேதி, மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பிய பஸ்ஸை மறித்து, பட்டப்பகலில் அவரையும், துணைத்தலைவர் உட்பட அவரோடு வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். சேலம் நீதிமன்றம் 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தன. அவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

ராஜாவுக்கு அரண்மனை இருந்தது, கர்னலுக்குப் பீரங்கி இருந்தது. முருகேசனிடம் இருந்தது ஒரு ஓட்டும், அரசியல் சட்டம் கொடுத்த ஒரு நாற்காலியும். அதைத்தான் பறித்தார்கள். காலையிலிருந்து நான் காட்டிய குற்றங்களில் இதுதான் எங்களுக்கு மிகப் பக்கத்தில் நடந்தது. இதற்கு வெள்ளைக்காரனையோ நாயக்கரையோ கைகாட்ட முடியாது.

அவர்களைப் புதைத்த இடத்தில் நினைவிடம் இருக்கிறது. 'விடுதலைக் களம்' என்று பேர். வருஷா வருஷம் ஜூன் 30 அன்று ஜனம் வந்து கூடும். நாங்கள் போனபோது யாரும் இல்லை. மஹாலின் ஒரு தூணுக்கு முன்னால் நிறுத்தினால் கண்ணுக்கே தெரியாத அளவுக் கட்டடம். ஆனால் இறந்தவர்களுக்கு இங்கே பேர் இருக்கிறது. பையன் ஒவ்வொரு பேராக, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல மெதுவாக வாசித்தான். மேற்கே அழகர்மலை நீலமாகத் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் நத்தம்.

நல்ல கட்டடம் என்றால் என்ன என்பதற்கு அன்றைக்குத்தான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. நாயக்கரின் கொத்தனார்கள் சாமானியர்கள் இல்லை. அந்தக் குவிமாடத்தைப் பார்த்து இன்னும் நூறு தடவை வாயைப் பிளப்பேன். ஆனால் ஒரு ஊர் தன்னிடம் நடந்த குற்றத்தை ஒத்துக்கொண்டதா என்று தெரிய வேண்டுமானால், செத்தவர்கள் பேர் எங்கே எழுதியிருக்கிறது என்றுதான் தேட வேண்டும். மேலூர்ச் சீமையில் அந்தப் பேர் இருப்பது மேலவளவில். அதை எழுதியது ஊர் முழுக்கச் சேர்ந்து அல்ல, இழந்தவர்கள். மற்றவர்களும் ஒருநாள் அங்கே போய் வாசிக்க வேண்டும்.

ராத்திரி மேலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் டீ குடிக்கும்போது பையன் சொன்னான்: "அந்த டூர்ல மூணு மணி நேரம் ஹோம்ஸ் ஹோம்ஸ்னே சொன்னாங்க மாமா. செத்தவங்க பேரு ஒண்ணுகூட எனக்கு ஞாபகத்துல நிக்கல."

போன வாரம் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நூலகத்துக்குப் போய்த் தேடியிருக்கிறான். வேறு ஒரு வார்த்தையும் இல்லை, பேர்கள் மட்டும்: ஜூலியா கானர், அவர் மகள் பேர்ல், எமெலின் சிக்ராண்ட், மின்னி வில்லியம்ஸ், அவர் தங்கை ஆனி, பெஞ்சமின் பிட்செல், அவருடைய பிள்ளைகள் ஆலிஸ், நெல்லி, ஹோவர்ட்.

இதைப் படிக்கும் மேலூர், நத்தம், வெள்ளலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அப்பத்தா, அய்யா யாராவது ஒரு தாலாட்டிலோ, ஒப்பாரியிலோ, கும்பிடும்போது அழைக்கும் சாமி பேரிலோ, நத்தத்தில் நின்றவர்கள், வெள்ளலூரில் எரிந்தவர்கள் பேர் ஏதாவது வைத்திருந்தால், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் அப்பத்தாவிடம் நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.